பானம் ஒருசந்தியை முறிக்காது

சின்னத்தோப்பு,
மணவாளக்குறிச்சி வழி.
10 பிப்ரவரி 2025

சேசு மரி சூசை துணை.

அன்பு மகள் சிந்தியாவுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சுகமில்லாவிட்டாலும் சுகம் என்றுதான் எழுதுவாய், உன்னைப் பெற்றவளுக்கு அது தெரியும்.

கன்னியர் மடத்து நவதுறவகத்தில் ஒரு வருடம் போன் கூடாது, கடிதம்தான் என்று உங்கள் மதர் சொல்லிவிட்டாராம். நல்ல மதர். உன் அப்பா மஸ்கட்டில் கிடந்த காலத்தில் எழுதியதுதான், அவரை மண்ணுக்குக் கொடுத்த பிறகு இப்போதுதான் திரும்பப் பேனா பிடிக்கிறேன். தபாலாபீசில் மெக்சிகோ என்று சொன்னதும் அந்தப் பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தது. "அது எங்க இருக்கு மாமி?" என்றது. "எனக்க மோளு இருக்கிற எடத்துல இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல?

சுபினைப் பற்றிச் சேதி ஒன்றும் இல்லை. அக்டோபரில் வள்ளம் கவிழ்ந்தபோது கூட இருந்த நாலு பேரையும் வேறு வள்ளக்காரர்கள் தூக்கினார்கள், உன் அண்ணனை மட்டும் காணவில்லை. ஆளும் இல்லை, உடலும் இல்லை. பங்குச் சாமியார் இரண்டு தடவை வீட்டுக்கு வந்துவிட்டார். "செசிலியம்மா, ஆத்துமத்துக்கு ஒரு பூசை வச்சிருவோமா?" என்கிறார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். நம் தெரு ஜான்ரோஸுக்கும் இப்படித்தான் பூசை வைத்தார்கள். அதன்பிறகு எந்தக் கப்பல்காரனோ எடுத்து, எந்த நாட்டு ஜெயிலிலோ கிடந்து, தாடியும் மீசையுமாக வந்து வாசலில் நின்றான். அவன் பெண்டாட்டி அவனைப் பார்த்து அலறியது இப்போதும் என் காதில் இருக்கிறது. என் மகன் வரும்போது இந்த வீட்டில் யாரும் அப்படி அலறக்கூடாது.

அவன் காணாமல் போன அன்றைக்கே கடற்கரைக் குருசடியில் மாதா முன்னால் முட்டுக்குத்தி நேர்ந்துகொண்டேன். அவன் வந்து வாசலில் நிற்கும் வரைக்கும் எனக்கு ஒருசந்தி. மத்தியானம் ஒரு நேரம் கஞ்சி, மற்ற நேரம் பச்சைத்தண்ணீர், சாயாகூட இல்லை. தவக்காலத்தில் நாற்பது நாள் இருப்பதை நான் கொஞ்சம் நீட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். நீ உடனே அழ ஆரம்பிக்காதே. போன வாரம் மீன் பாத்திரத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன், ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

உன் மைனி ஷைஜா என்னோடுதான் இருக்கிறாள். முந்திரி ஆலைக்குப் போய் வருகிறாள். அவளுடைய அம்மா வீட்டில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், போகமாட்டேன் என்கிறாள். கல்யாணமாகி ஒரு கிறிஸ்மஸ்கூட சுபினோடு கொண்டாடவில்லை, பாவம்.

நீ அங்கே என்ன வேலை செய்கிறாய்? ஜெபம் மட்டும் செய்தால் சோறு போடமாட்டார்களே.

உன்னை நினைத்திருக்கும்
அம்மா செசிலி


4 மார்ச் 2025

என் அருமை அம்மாவுக்கு,

கடிதம் நேற்றுதான் வந்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷம், படித்ததும் போய்விட்டது. தலை சுற்றி விழுந்ததைப் பஸ் தாமதமாக வந்தது போல எழுதியிருக்கிறீர்கள். அம்மா, தவக்கால ஒருசந்திக்கே ஐம்பத்தொன்பது முடிந்தவர்களுக்கு விலக்கு உண்டு. உங்களுக்கு வருகிற ஆகஸ்டில் அறுபது. மாதக்கணக்கில் இப்படிக் கிடந்தால் அண்ணன் வரும்போது வாசல் திறக்க யார் இருப்பார்கள்?

நேர்ச்சையை விடச் சொன்னால் நீங்கள் விடமாட்டீர்கள். உங்கள் பிடிவாதத்தில் பாதி எனக்கும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு தூரம் வந்து கிடக்கிறேன். ஆகவே வேறு ஒன்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டீர்கள். சாக்லேட் அரைக்கிறேன். சிரிக்காதீர்கள். மஸ்கட்டிலிருந்து அப்பா கொண்டுவந்த மிட்டாய் மாதிரி இல்லை இது. கொக்கோக் கொட்டையை வறுத்து, தொலி நீக்கி, பட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கல்லில் அரைத்து வட்டமாகத் தட்டிக் காயவைக்கிறோம். கல் அப்படியே நம் அம்மிதான், கொஞ்சம் சரிந்து மூன்று காலில் நிற்கும். முட்டுப்போட்டு அரைக்கவேண்டும். முதல் வாரம் தோள் கழன்றுவிட்டது. வட்டத்தை வெந்நீரில் போட்டு மத்து மாதிரி ஒன்றால் கடைந்து குடிப்பார்கள்.

இந்த நாட்டுக் கன்னியர் மடங்களில் முந்நூறு நானூறு வருடமாக இந்த வேலை நடக்கிறது. அந்தக் காலத்தில் இதைக் குடித்தால் ஒருசந்தி முறியுமா முறியாதா என்று திருச்சபையில் பெரிய சண்டையே நடந்ததாம் அம்மா. ஒரு சபைச் சாமிமார், இதில் கொழுப்பும் சத்தும் இருக்கிறது, குடித்தால் ஒருசந்தி போச்சு என்றார்கள். சேசு சபைச் சாமிமார், தண்ணீரில் கரைத்தால் அது பானம்தானே, தாராளமாகக் குடிக்கலாம் என்றார்கள். புத்தகம் புத்தகமாக எழுதிச் சண்டை போட்டார்கள். கடைசியில் ரோமில் ஒரு கர்தினால், பானம் ஒருசந்தியை முறிக்காது என்று எழுதிக்கொடுத்தார். அதன்பிறகு தவக்காலத்தில் எத்தனையோ மடங்களில் இதைக் குடித்துத்தான் தெம்பாக இருந்தார்கள்.

நான் கையால் அரைத்த வட்டங்கள் கொஞ்சம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நாளைக்கு விபூதிப் புதன். உங்களுக்குக் கிடைக்கும்போது தவக்காலம் பாதி போயிருக்கும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, வெறும் வெந்நீரில். நேர்ச்சைக்கு ஒரு குறையும் வராது. எனக்காகக் குடியுங்கள் அம்மா.

மைனிக்கு என் முத்தங்கள்.

உங்கள் மகள்
சிந்தியா


சின்னத்தோப்பு
8 ஏப்ரல் 2025

சேசு மரி சூசை துணை.

அன்பு மகள் சிந்தியாவுக்கு,

பார்சல் வந்தது. தபால்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு "மருந்தா செசிலியம்மா?" என்றார். ஆமா, பைத்தியத்துக்கு மருந்து என்று வாங்கிக்கொண்டேன்.

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். முதலில் நம்பவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மிட்டாய்க்குக் கர்தினால்மார் சண்டை போட்டார்களாமா என்று ஷைஜாவிடம் கேட்டேன், அவள் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். சாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பாவம், "நான் கேட்டதில்ல, பாத்துச் சொல்லுகேன்" என்றார். இதுவரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பிறகு நானே யோசித்தேன். குடிக்கலாம் என்று சொன்னவர்கள் சேசு சபைச் சாமிமார் என்று எழுதியிருக்கிறாயே, அது நம் சவேரியாருடைய சபை அல்லவா? நம் கடற்கரைக்கு ஞானஸ்நானம் கொடுத்த சபை. அவர்கள் ஒன்று சொன்னால் அதற்குமேல் நான் யாரிடம் போய்க் கேட்கவேண்டும்?

வெந்நீரில் போட்டு மோர் மத்தால் கடைந்தேன். நுரை வந்தது. முதல் வாய் கசந்தது, நாலாவது வாய் பிடித்துவிட்டது. உள்ளே போனதும் நெஞ்சுவரை ஒரு சூடு. அன்றைக்கு மத்தியானம் மீன் விற்றுவிட்டு வந்து படுத்தவள் சாயங்காலம்தான் எழுந்தேன், அக்டோபருக்குப் பிறகு அப்படித் தூங்கவே இல்லை. இப்போது தினமும் காலையில் குடித்துவிட்டுக் குருசடிக்குப் போகிறேன். ஷைஜாவுக்கும் கொடுத்தேன், ஒரு வாய் குடித்துவிட்டு "மாமி குடிங்க" என்று என் பக்கம் தள்ளிவிட்டாள்.

ஒன்று மட்டும் கேட்டுச் சொல். கொஞ்சம் பால் சேர்த்தால் கர்தினால் கோபித்துக்கொள்வாரா?

உன் கையால் அரைத்தது என்பதால் கூடக் கொஞ்சம் ருசிக்கிறதோ என்னவோ. அம்மிப் பக்கம் போகமாட்டேன் என்று எத்தனை சண்டை போட்டிருக்கிறாய்!

அம்மா செசிலி


3 மே 2025

என் அருமை அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கோவிலில் வைத்து இரண்டு தடவை படித்தேன். தூங்கினேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியில்தான் அழுதுவிட்டேன். மதர் என்னவோ என்று பயந்துவிட்டார்.

பாலுக்குக் கர்தினால் கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். ஈஸ்டர் முடிந்துவிட்டதே, அவருக்குத் தெரியாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பார்சல் போட்டுவிட்டேன்.

இங்கே ஒரு கதை சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஒரு ஊரில் சீமாட்டிகள் நீளமான பூசையில் மயக்கம் வருகிறது என்று சொல்லி, வேலைக்காரிகளைக் கோவிலுக்குள்ளேயே சாக்லேட் கொண்டுவரச் சொல்லிக் குடித்தார்களாம். அந்த மறைமாவட்ட மேற்றிராணியார் தடை போட்டார். சீமாட்டிகள் அந்தக் கோவிலையே விட்டுவிட்டு மடத்துக் கோவில்களுக்குப் பூசைக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நாளில் மேற்றிராணியார் வயிற்றுநோயில் செத்துப்போனார். அவருக்குக் கொடுத்த சாக்லேட்டில்தான் விஷம் இருந்தது என்று பேச்சு. உண்மையோ பொய்யோ, நம் சாமியாரிடம் சொல்லிவையுங்கள், நம் ஊர்ப் பெண்களை அவரும் கொஞ்சம் பயப்படட்டும்.

மடங்களுக்கு வருவதற்கு முன்னாலேயே இது இந்த மண்ணில் பக்தியான பொருள்தான். கொக்கோ மரத்தைத் தெய்வம் கொடுத்தது என்று நம்பினார்கள். கல்யாணத்துக்கு இதைத்தான் குடித்தார்கள், சாமிக்குப் படைத்தார்கள், ராசாக்களைப் புதைக்கும்போது பக்கத்தில் கோப்பையில் வைத்தார்கள். இன்றைக்கும் நவம்பர் இரண்டாம் தேதி, நம் கல்லறைத் திருநாள் அன்று, வீட்டுக்கு வீடு மேசை போட்டு, கேந்திப்பூ பரப்பி, செத்துப்போனவர்களுக்கு ஒரு கோப்பை சாக்லேட் வைக்கிறார்கள். நம் கிறிஸ்தவமும் அவர்களுடைய பழைய வழக்கமும் ஒன்றாகக் கலந்துவிட்டது. அழகாக இருக்கும் அம்மா. அந்த வாரம் எங்களுக்கு இடுப்பொடிய வேலை.

அண்ணனுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். மைனியைப் பற்றி இரண்டு வரிதான் எழுதினீர்கள். அவள் எப்படி இருக்கிறாள்?

உங்கள் மகள்
சிந்தியா


சின்னத்தோப்பு
27 மே 2025

சிந்தியாவுக்கு,

நீ அனுப்பியது என்ன பொருள் என்று சொல்லிவிட்டு அனுப்பியிருக்கவேண்டும்.

செத்தவர்களுக்கு வைக்கிறதையா எனக்குக் குடிக்கக் கொடுத்தாய்? என் மகன் உயிரோடு வரவேண்டும் என்று நேர்ந்துகொண்டு, தினமும் காலையில் செத்தவர்களுடைய பானத்தைக் குடித்துவிட்டுக் குருசடியில் போய் நின்றிருக்கிறேன். மாதா என்னைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள்? சாமியார் கேட்டு நான் கொடுக்காத பூசையை நீ அங்கே இருந்துகொண்டே என் வயிற்றுக்குள் வைத்துவிட்டாய்.

ஒருசந்தி முறியாது என்று எழுதினாய். கர்தினால் சொன்னார் என்றாய். முறியவில்லை என்றால் எனக்கு ஏன் இப்படி இருக்கிறது?

இரண்டாவது பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டேன். முதலில் வந்ததில் மிச்சம் கிடந்ததைத் தென்னைக்கு அடியில் புதைத்துவிட்டேன். இனி மத்தியானக் கஞ்சியிலும் பாதிதான். போன நாட்களுக்கும் சேர்த்து இருக்கவேண்டும்.

என் மகன் உயிரோடு இருக்கிறான். நீ எனக்கு எழுதவேண்டாம்.

செசிலி


20 ஜூன் 2025

அம்மா,

எழுதவேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

அழகான வழக்கம் என்று நினைத்து அதை எழுதினேன். எந்த நிலையில் இருக்கிற வீட்டுக்கு எழுதுகிறேன் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன். எனக்கு இங்கே கதையாகத் தெரிந்தது உங்களுக்கு அங்கே உயிர் போகிற விஷயம். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். எங்களோடு அரைக்க லூப்பே என்று ஒரு அக்கா வருவார், உங்கள் வயதுதான். அவருடைய மகன் எல்லையைத் தாண்டி வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோனான். செத்தவர்களுக்கு உள்ள பொருளா இது என்று அவரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்படி ஒன்றும் கிடையாது. என் மகனுக்கு இது பிடிக்கும், அதனால் வைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி புருஷனுக்கு பீரும் சிகரெட்டும் வைப்பாள்" என்றார். பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும், அதை வைக்கிறாள். அவ்வளவுதான் அம்மா. மற்ற நாட்களில் அதே சாக்லேட்டைத்தான் கைக்குழந்தைக்காரிக்குப் பால் ஊறக் கொடுக்கிறார்கள், கல்யாண வீட்டில் கொடுக்கிறார்கள்.

அண்ணனைப் பற்றிய உங்கள் நம்பிக்கையில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை. உங்கள் உயிர்மேல் எனக்கு உரிமை உண்டு. சாப்பிடுங்கள். சாக்லேட் வேண்டாம், கஞ்சியாவது வயிறு நிறையக் குடியுங்கள்.

சிந்தியா


14 செப்டம்பர் 2025

அம்மா,

ஜூன் கடிதத்துக்குப் பதில் இல்லை. ஜூலையில் எழுதியதற்கும் இல்லை. ஆகஸ்டில் உங்கள் பிறந்தநாளுக்கு எழுதியதற்கும் இல்லை.

டிசம்பர் எட்டாம் தேதி எனக்கு முதல் வார்த்தைப்பாடு. எத்தனை வருடம் இதற்காகக் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்களைப் பட்டினியில் சாகவிட்டுவிட்டு இங்கே நின்று நான் கடவுளுக்கு என்ன வார்த்தை கொடுப்பது? மதரிடம் சொல்லிவிட்டேன். நவம்பர் முடிவதற்குள் உங்களிடமிருந்து ஒரு வரி வராவிட்டால் வார்த்தைப்பாடு எடுக்காமல் ஊருக்கு வந்துவிடுவேன். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

திட்டியாவது எழுதுங்கள்.

சிந்தியா


சின்னத்தோப்பு
4 நவம்பர் 2025

சேசு மரி சூசை துணை.

என் மகள் சிந்தியாவுக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. கிழிக்கவில்லை. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் கோபம் வந்தது, கோபம் போன பிறகு வெட்கம் வந்தது. மெலிந்துதான் இருக்கிறேன். மீன் விற்கப் போவதை ஓணத்தோடு நிறுத்திவிட்டேன், பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை. நீ நல்ல பிள்ளை, உன்மேல் குற்றம் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

முந்தாநாள் கல்லறைத் திருநாள். காலைப் பூசை முடிந்து எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். உன் அப்பா கல்லறைக்கு ஷைஜா முந்தின நாளே வெள்ளையடித்துவைத்திருந்தாள். நான் பூவைப் போட்டு மெழுகுதிரி கொளுத்தினேன். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசையாக வந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கிறேன், ஷைஜா கையில் ஒரு மெழுகுதிரியை வைத்துக்கொண்டு நிற்கிறாள். கொளுத்தவும் இல்லை, எங்கேயும் வைக்கவும் இல்லை. ஒவ்வொரு கல்லறையாகப் பார்க்கிறாள். அப்படியே மயங்கி மண்ணில் சரிந்துவிட்டாள்.

பக்கத்துப் பெண்கள் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். நான் அவள் கையைப் பிடித்தேன். அதில் எலும்புதான் இருந்தது சிந்தியா. ஒரே வீட்டில் இருக்கிறேன், ஒரு வருடமாக அந்தக் கையை நான் பார்க்கவே இல்லை.

"ஏட்டி, காலத்த என்ன தின்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தின்னல மாமி."

"நேத்து ராத்திரி?"

தலையைக் குனிந்துகொண்டாள். "மாமி திங்காம நான் எப்பிடித் திம்பேன்? மாமி கஞ்சி குடிக்கிற நேரத்துல மட்டும் நானும் ரெண்டு வாய் திம்பேன். அம்புட்டுதான்."

"ஆலைக்குச் சோறு கொண்டு போறியே?"

"மிச்சத்த ஆருக்காவது குடுத்திருவேன்."

இருபத்துமூன்று வயசுப் பிள்ளை. என் நேர்ச்சை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவளும் கூடவே பட்டினி கிடந்திருக்கிறாள். தாலியையும் கழற்ற முடியாமல், அழவும் முடியாமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு வருடம் இருந்திருக்கிறாள். நான் ஒரு பிள்ளைக்காகக் கும்பிட்டுக்கொண்டு இன்னொரு பிள்ளையைக் கொன்றுகொண்டிருந்தேன்.

அப்போது அவள் கையிலிருந்த திரியை என்னிடம் காட்டி, மெதுவாகக் கேட்டாள். "மாமி, இத நான் எங்க வைக்கட்டும்?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். சாமியாரும் நின்றுவிட்டார்.

"ஒனக்க மாமனாருக்க பக்கத்துல வையி மக்கா" என்றேன்.

அவள் வைத்தாள். நான் கொளுத்தினேன். பிறகு இரண்டு பேரும் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதோம். யாரும் எங்களை எழுப்பவில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன். மரச்சீனிக்கிழங்கு அவித்து, சாளைக் கறி வைத்தேன். சுபினுக்கு அது இருந்தால் கல்யாணச் சோறுகூட வேண்டாம். ஒரு தட்டில் அவனுக்கு எடுத்து மாதா படத்துக்குக் கீழே வைத்தேன். உங்கள் ஊர் லூப்பேயிடம் சொல், சின்னத்தோப்பிலும் ஒருத்தி வைத்தாள் என்று. கொஞ்ச நேரம் கழித்து அந்தத் தட்டிலிருந்தே ஷைஜாவுக்கு ஊட்டினேன், அவள் எனக்கு ஊட்டினாள். மத்தியானம் ஆகியிருக்கவில்லை. கர்தினால்மார் யாரிடமும் கேட்கவில்லை. தட்டு காலியாகும்வரை தின்றோம். ராத்திரியும் தின்றோம், நேற்றும் தின்றோம்.

ஷைஜாவை அவளுடைய அம்மா வீட்டில் கொண்டுபோய் விடலாம் என்று இருக்கிறேன். அவள் மாட்டேன் என்று அழுகிறாள். இளம்பிள்ளை, அவளுக்கு இன்னும் ஒரு வாழ்க்கை கிடக்கிறது. நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னால் கேட்பாள்.

நீ வரவேண்டாம். வார்த்தைப்பாடு எடு. எனக்காக விட்டுவிட்டு வந்தால் உன் முகத்தையும் நான் பார்க்கமுடியாமல் போகும். நான் சாகமாட்டேன், சாப்பிடுகிறேன்.

சாமியாரிடம் பூசைக்குச் சொல்லிவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம். இந்தக் கடிதம் உன் கையில் வரும்போது அது முடிந்திருக்கும். பெட்டி இல்லை, அடக்கம் இல்லை, பெயரை மட்டும் வாசிப்பார்கள். அதற்கு முன்னால் செய்யவேண்டிய ஒரு காரியம் எனக்கு மிச்சம் இருக்கிறது. வீட்டில் ஒரு சாவு நடந்தால் தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குத் தாய்தானே சொல்லி அனுப்பவேண்டும். உனக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்லவிடவில்லை.

சிந்தியா, மக்களே, உன் அண்ணன் சுபின் இறந்துபோனான். போன வருடம் அக்டோபரில், கடலில்.

அம்மா